சூசையண்ணையின் இரண்டாவது வேலை

1. பிழை என்று வந்த பிள்ளை

“அன்ரி, நீங்கள் அப்பாவின்ர ரக்ஸைப் பிழையாப் போட்டிட்டீங்கள்.”

ஒரு ஜூன் மாதச் சனிக்கிழமை, கந்தோரைத் திறந்து நான் இன்னும் கதிரையில் கூட இருக்கவில்லை, ஜெனிற்றா மேசைக்கு முன்னால் நின்று இப்படிச் சொன்னாள். மொன்றியலில், சென்ட் லோரன்ட்டில் ஒரு பலசரக்குக் கடைக்கு மேல்மாடியில்தான் எங்கள் கந்தோர். இருபத்தாறு வருடம் அங்கே இருந்து சனங்களுக்கு வரி போட்டிருக்கிறேன். ஏன் இவ்வளவு கட்ட வேண்டும் என்று கத்தியிருக்கிறார்கள். பக்கத்து வீட்டுக்காரனுக்குத் திரும்பி வந்ததாம், எனக்கு ஏன் வரவில்லை என்று மூக்கால் அழுதிருக்கிறார்கள். பிழை என்று மட்டும் ஒருவரும் சொன்னதில்லை. எனக்குச் சுள்ளென்று ஏறியது. பத்தொன்பது வயதுப் பிள்ளை என்று பார்த்து வாயை அடக்கிக்கொண்டேன்.

இப்போது நான் ஓய்வெடுத்து வீட்டில் இருக்கிறேன். அந்த மேசையில் இப்போது வேலை செய்யும் பிள்ளைகள் இடைக்கிடை ஃபோன் எடுத்து, “அக்கா, உங்களுக்கு வந்ததில சிக்கலான ஃபைல் எது?” என்று கேட்பார்கள். வாடகைக்கு விட்ட வீடு, டக்ஸி ஓட்டினவர், இரண்டு மாகாணத்தில் உழைத்தவர் என்று ஏதாவது சொல்வேன் என்று நினைக்கிறார்கள். எனக்கு முதலில் நினைவுக்கு வருவது ஜெனிற்றா வீட்டு ஃபைல்தான். கணக்கு என்று பார்த்தால் அது சின்னப் பிள்ளையும் போடக்கூடியது.

2. அந்தக் குடும்பம்

ஜெனிற்றாவின் தகப்பன் சூசையண்ணை. மன்னார்ப் பக்கத்து ஆள். டோர்வலில் விமானங்களுக்குச் சாப்பாடு கட்டும் சமையல்கூடத்தில் பல வருடமாக வேலை. மனைவி மெற்றில்டாவுக்கு முழங்கால் வருத்தம், அதனால் வேலைக்குப் போவதில்லை. ஜெனிற்றா ஒரே பிள்ளை. ஏப்ரல் கடைசி ஞாயிறு, கோயிலில் பூசை முடிந்த கையோடு மூன்று பேரும் மாடி ஏறி வருவார்கள். முந்தி வாங்கோ என்று நானும் ஒவ்வொரு வருடமும் சொல்வேன். ஒருநாளும் கேட்டதில்லை.

முதலில் சூசையண்ணைக்கு ஒரு ரெலவேதான் வரும். ரெலவே என்றால், ஒரு ஆள் வருடம் முழுக்க என்ன உழைத்தார் என்று வேலை கொடுத்தவர் அனுப்பும் துண்டு. கடைசி இரண்டு வருடமாக இரண்டு துண்டு கொண்டுவந்தார். ஒன்று டோர்வல் வேலை. மற்றது ஒரு ஏஜென்சி அனுப்பியது, இறைச்சி வெட்டும் தொழிற்சாலையில் இரவுத் துப்புரவு வேலை. எங்கள் ஆட்களில் இரண்டு வேலை செய்வது என்ன புதினமா? “நித்திரையை எந்தக் கடையில வாங்குறியள் அண்ணை?” என்று, ஜெனிற்றா கீழே கடைக்குப் போயிருந்த நேரம் பகிடி விட்டேன். அவர் சிரித்தார். முகம் தெளிவாக இருந்தது, கண்ணுக்குக் கீழே கருப்பில்லை. மன்னார் மீன் சாப்பிட்டு வளர்ந்த உடம்பு என்று நினைத்துக்கொண்டேன்.

அந்த வீட்டில் இன்னொருவரும் இருந்தார். மெற்றில்டாவின் தம்பி அலோசியஸ். ஊரிலிருந்து வந்து மூன்று வருடம். அவரை நான் கண்டதில்லை, ஜெனிற்றா முறைப்பட்டுத்தான் தெரியும். மாமா ஹோலில் சோபாவில்தான் படுக்கிறார், அதுவும் பகல் முழுக்க. லைட் போட முடியாது, கதைக்க முடியாது, வீடெல்லாம் குளோரின் மணம். அவள் கீழே லோண்டரி அறையில் கதிரை போட்டு, மெஷின் சத்தத்துக்குள் இருந்துதான் படித்தாள். மாமா இரவில் எங்கே போகிறார் என்று கேட்டால், தெரிந்த ஆட்களுக்கு உதவி செய்யப் போகிறார் என்று தாய் சொன்னாவாம்.

அப்படிப் படித்தும் அந்தப் பிள்ளைக்குப் பிசியோ படிக்க இடம் கிடைத்தது. மொன்றியலில் இல்லை, பஸ்ஸில் போனால் அரை நாள் பிடிக்கும் ஊர். அங்கே தங்கிப் படிக்க வேண்டும். சூசையண்ணையின் சம்பளத்தில் அது நடக்காது. அந்தப் பல்கலைக்கழகமே வசதி குறைந்த பிள்ளைகளுக்கு உதவிப்பணம் கொடுத்தது. பிள்ளைகள் அதைப் பூர்ஸ் என்பார்கள். அது கிடைத்தால் போகலாம், கிடைக்காவிட்டால் இல்லை.

3. அப்பாவின் சம்பளம்

அந்தப் பூர்ஸுக்கு பெப்ரவரி முடியமுன் விண்ணப்பிக்க வேண்டும். நாங்கள் வரி போடுவது ஏப்ரலில். ரெலவே துண்டுகள் கூட அப்போது வந்திராது. ஜெனிற்றா எனக்கு ஃபோன் எடுத்து என்ன செய்வது என்று கேட்டாள். இது வழமையான கேள்விதான். வரி போடாவிட்டாலும் அண்ணளவான தொகையை எழுதலாம், பிறகு வரி போட்டதும் அரசாங்கம் அனுப்பும் நோட்டீஸைக் காட்ட வேண்டும், இரண்டும் கிட்டத்தட்ட ஒத்துவந்தால் சரி. டிசம்பர் மாதக் கடைசிச் சம்பளத் துண்டை எடு, அதில் வருட மொத்தம் இருக்கும், வீட்டில் இருக்கிற எல்லாத் துண்டையும் எடு என்று சொன்னேன். எல்லாம் என்றுதான் சொன்னேன், அதில் எனக்கு இன்றைக்கும் சந்தேகமில்லை.

அவள் எடுத்தாள். டோர்வல் துண்டு ஃபிரிஜ்ஜில் காந்தம் வைத்து ஒட்டியிருந்தது. இவ்வளவுதானா என்று தகப்பனிடம் கேட்டாள். “ஓம் பிள்ளை, அவ்வளவுதான்” என்றார் சூசையண்ணை. அவள் காட்டிய இடத்தில் கையெழுத்தும் வைத்தார். அந்த வீட்டில் வருகிற பிரெஞ்சுக் கடிதம் எல்லாவற்றையும் பத்து வயதிலிருந்து வாசித்துச் சொல்வது அவள்தான். கரண்ட் பில், வீட்டுக்காரரின் நோட்டீஸ், தாயின் முழங்கால் டொக்டர், மாமாவின் குடிவரவுக் கடிதம் எல்லாம் அவள் கைதான். அவள் விரல் வைத்த இடத்தில் தாயும் தகப்பனும் கையெழுத்து வைப்பார்கள்.

வசந்தத்தில் பூர்ஸ் கிடைத்தது, நோட்டீஸ் பார்த்து உறுதி செய்வோம் என்ற நிபந்தனையோடு. ஏப்ரல் கடைசி ஞாயிறு மூன்று பேரும் வந்தார்கள். மெற்றில்டா எனக்கு லட்டு கொண்டுவந்தா. சூசையண்ணை வழமை போல இரண்டு துண்டையும் உறைக்குள் இருந்து எடுத்துத் தந்தார். ஜெனிற்றா பக்கத்துக் கதிரையில் இருந்து தன் புதிய அறையின் படத்தை ஃபோனில் பார்த்துக்கொண்டிருந்தாள். வரி போட்டு முடித்து அனுப்பினேன். நோட்டீஸ் வந்ததும் அதன் கொப்பியும் என் கந்தோரிலிருந்தே பல்கலைக்கழகத்துக்குப் போனது.

ஜூனில்தான் பல்கலைக்கழகத்தின் மெயில் வந்தது. நீ எழுதிய தொகைக்கும் நோட்டீஸில் உள்ள தொகைக்கும் பெரிய வித்தியாசம் இருக்கிறது, எழுத்தில் விளக்கம் தா, இல்லாவிட்டால் பொய்த் தகவல் என்று பதிந்து பூர்ஸை நிறுத்துவோம். அதைப் படித்துவிட்டுத்தான் அவள் என் மேசைக்கு வந்திருந்தாள்.

4. ஃபோனை வை

நான் கொம்பியூட்டரைத் திருப்பி அவளுக்குக் காட்டினேன். தகப்பனின் பெயர், வேலைக்கும் வரிக்கும் அரசாங்கம் ஆளுக்கொன்றாகக் கொடுக்கும் சின் காட்டில் உள்ள தகப்பனின் இலக்கம், இரண்டு துண்டு.

“இந்த ஏஜென்சித் துண்டு ஆரின்ர?” என்றாள். “அப்பா அங்க வேலை செய்யேல்ல, அன்ரி. அப்பா பின்னேரம் நாலு மணிக்கு வீட்ட வந்து ரீ குடிச்சு, நியூஸ் பாத்து, பத்துக்குப் படுக்கிறவர். நான் அந்த வீட்டிலதானே இருக்கிறன்.”

அவள் சொன்னது முழுக்க உண்மை. நான் திரும்பவும் அந்த ஏஜென்சித் துண்டைப் பார்த்தேன்.

“அப்ப ஆரோ அப்பாவின்ர நம்பரைக் களவெடுத்து வேலை செய்யினம்” என்றாள். இப்படி நடக்கிறது என்று செஜெப்பில், பல்கலைக்கழகத்துக்கு முன் படிக்கும் கல்லூரியில், சொல்லித் தந்திருக்கிறார்களாம். பொலிசுக்கு அறிவித்தால் ஒரு நம்பர் தருவார்கள், அதைப் பல்கலைக்கழகத்துக்கு அனுப்பினால் போதும் என்று ஃபோனைக் கையில் எடுத்தாள்.

இரவுத் துப்புரவு. பகல் நித்திரை. குளோரின் மணம். அந்தக் கணத்தில்தான் எனக்கு விளங்கியது. அவளுடைய விரல் ஃபோனில் ஓடிக்கொண்டிருந்தது.

“ஃபோனை வை, பிள்ளை” என்றேன். “முதல்ல அம்மாவைக் கூப்பிடு.”

சூசையண்ணையும் மெற்றில்டாவும் வந்தார்கள். முழங்கால் வருத்தத்தோடு மெற்றில்டா ஒவ்வொரு படியாக ஏறிவரும் சத்தம் எங்கள் இரண்டு பேருக்கும் கேட்டது. வந்து இருந்து, மகளையும் கொம்பியூட்டரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, சுற்றி வளைக்காமல் சொன்னா: “அது மாமான்ர வேலை, பிள்ளை. அப்பாவின்ர சின் காட்டை வச்சுச் செய்யிறவர்.”

காட் கொடுப்பது என்பது எங்கள் ஆட்களுக்குள் இருக்கிற ஒரு வழக்கம். ஒருவருக்கு அகதிக் கோரிக்கை தள்ளுபடியாகி, வேலை அனுமதியும் முடிந்துவிட்டால், அண்ணனோ மச்சானோ தன் சின் காட்டைக் கொடுப்பார். ஏஜென்சிக்கு இலக்கம் போதும், முகம் தேவையில்லை. சம்பளம் காட்காரரின் கணக்கில் விழும், அவர் வரிக்கு உள்ளதை எடுத்துவைத்துவிட்டு மிச்சத்தைக் கொடுத்துவிடுவார். சிலர் அதிலே பங்கு பிடிப்பார்கள். சூசையண்ணை ஒரு சதம் தொடவில்லை. சட்டப்படி குற்றம்தான். ஆனால் அந்த வீட்டில் ஒருவருக்கும் அதைக் குற்றமாக நினைக்கத் தோன்றவில்லை. மச்சான் சும்மா இருந்து சாப்பிடக் கூசுகிறான், கையில் காட் இருக்கிறது, கொடுத்தார்கள்.

அலோசியஸ் மனிதாபிமான அடிப்படையில் இன்னொரு விண்ணப்பம் போட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திருந்தார். அந்த விண்ணப்பத்தின் கடிதங்களைக் கூட ஜெனிற்றாதான் வாசித்துச் சொன்னவள். இதை மட்டும் அவளுக்குச் சொல்லவில்லை, ஏஜென்சியிலிருந்து வரும் கடிதத்தையும் அவள் கண்ணில் படாமல் எடுத்துவைத்துவிட்டார்கள். பள்ளிக்கூடத்தில் வாய்தவறிச் சொல்லிவிடுவாள் என்ற பயம். எனக்கு அதைக் கேட்கப் பற்றிக்கொண்டு வந்தது. வீட்டுப் பாரம் முழுக்க அந்தப் பிள்ளையின் தலையில், உண்மையை மட்டும் ஒளித்துவைப்பார்களாம்.

சூசையண்ணை தலையைக் குனிந்துகொண்டு சொன்னார்: “நான் உனக்குப் பொய் சொல்லேல்ல, பிள்ளை. நீ கேட்டது என்ர சம்பளம். நான் சொன்னதும் என்ர சம்பளம்தான்.”

ஜெனிற்றா என்னைப் பார்த்தாள்.

“அன்ரி, நான் உண்மையைத்தானே எழுதினன்?”

“ஓம்.”

“அப்ப ஏன் நான் கள்ளி?”

அவர்கள் போனபிறகு நான் கதவைப் பூட்டிக்கொண்டு அழுதேன். இதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை.

5. விளக்கம்

போகமுன் அவர்களுக்கு ஒன்றை நேரே சொன்னேன். எனக்கு இப்போது தெரிந்துவிட்டது, இனி அந்த இரண்டாவது துண்டு என் மேசைக்கு வரக்கூடாது, பல்கலைக்கழகத்துக்கு எழுதும் விளக்கத்திலும் நான் கை வைக்கமாட்டேன், ஒரு வக்கீலிடம் போங்கள். போனார்கள். அந்த இரண்டாவது வேலை அப்பாவுடையது இல்லை என்று உண்மையை எழுதினால் பிள்ளையின் பூர்ஸ் தப்பலாம், ஆனால் அலோசியஸின் விண்ணப்பம் அதோடு முடிந்தது, சூசையும் பதில் சொல்ல வேண்டிவரும் என்றாராம் வக்கீல். அந்த வேலையும் அப்பாவுடையதுதான் என்று எழுதினால் ஆண்கள் இரண்டு பேரும் தப்புவார்கள், பூர்ஸ் போகும், பொய் சொன்னவள் என்ற பதிவு ஜெனிற்றாவின் பெயரில் இருக்கும். விளக்கத்தில் கையெழுத்து வைக்க வேண்டியதும் ஜெனிற்றாதான்.

அடுத்த கிழமை நான்கு பேரும் வந்தார்கள். அன்றுதான் அலோசியஸை முதல்தரம் கண்டேன். ஒல்லியான மனிதன், கை இரண்டும் தோல் உரிந்து சிவந்திருந்தன. இருக்கச் சொல்லியும் இருக்காமல் கதவடியில் நின்றார்.

“அக்கா, நான் போய் உள்ளதைச் சொல்லிப்போடுறன்” என்றார் என்னைப் பார்த்து. “என்னை அனுப்பினா அனுப்பட்டும். பிள்ளைக்குப் படிப்புப் போகக்கூடாது.”

மெற்றில்டா உடனே அழத் தொடங்கினா. ஊரில் அவரைத் தேடி வந்தவர்களைப் பற்றி நான் இங்கே எழுதப்போவதில்லை, அது அவருடைய விண்ணப்பத்தில் இருக்கிறது. தம்பியை அங்கே அனுப்பிவிட்டுத் தான் எந்த முகத்தோடு கோயிலுக்குப் போவது என்று அழுதா. பிறகு, மகளின் படிப்பைக் கெடுத்துவிட்டு எந்த முகத்தோடு போவது என்றும் அழுதா. சூசையண்ணை யன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். தாய்க்கும் தகப்பனுக்கும் முடிவெடுக்கத் தைரியம் இல்லை. வழமை போல அந்தப் பிள்ளை எங்கே விரல் வைப்பாள் என்று பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

ஜெனிற்றா தன் லப்டொப்பைத் திறந்தாள்.

“நான் எழுதுறன்” என்றாள். “ஒருத்தரும் ஒண்டும் கதையாதேங்கோ.”

பிரெஞ்சில் எழுதினாள். என் பிரெஞ்சு வரித் துண்டு வாசிக்கும் அளவுக்குத்தான், இருந்தும் அவள் திருப்பிக் காட்டியபோது விளங்கியது. என் தந்தைக்கு இரவில் இரண்டாவது வேலை இருந்தது, அது எனக்குத் தெரியாது, தவறு என்னுடையது, மன்னிக்கவும். சின்னக் கடிதம். அவள் அனுப்பும் பொத்தானை அழுத்தியதும் அலோசியஸ் கதவைத் திறந்துகொண்டு கீழே இறங்கிப் போனார். மாமனும் மருமகளும் அன்று ஒருவரை ஒருவர் பார்க்கவே இல்லை.

பூர்ஸ் நின்றது. மாகாணம் கொடுக்கும் கடனுக்கும் அதே நோட்டீஸைத்தான் பார்ப்பார்கள். அந்தப் பேப்பரின்படி தகப்பன் இரண்டு சம்பளக்காரர், அதனால் கிடைத்தது கைக்கும் வாய்க்கும் காணாது. அறைக்குக் கட்டிய முற்பணத்தை விட்டுவிட்டு, எனக்கு இடம் வேண்டாம் என்று அவளே எழுதி அனுப்பினாள்.

6. கடைசி சீசன்

அடுத்த பெப்ரவரி என்னுடைய கடைசி வரி சீசனின் தொடக்கம். ஜெனிற்றாவும் மெற்றில்டாவும் வந்தார்கள். அந்தக் கோடையிலேயே அலோசியஸ் ஏஜென்சி வேலையை விட்டுவிட்டார். விண்ணப்பத்துக்கு இன்னும் பதில் இல்லை. ஜெனிற்றா ஒரு மருந்துக்கடையில் காசுமேசையில் நின்றாள், காலையிலிருந்து பின்னேரம் வரை.

அவள் குளியலறைக்குப் போன நேரம் மெற்றில்டா எனக்கு மெல்லச் சொன்னா. தம்பி இப்போது பகலில் சோபாவில் படுப்பதில்லை. காலையில் ரீ குடித்ததும் வெளிக்கிட்டு, மெட்ரோ, கடைத்தெரு, லைப்ரரி என்று சுற்றிவிட்டுப் பின்னேரம்தான் வருகிறாராம். பிள்ளை படிக்க ஹோல் வேண்டும் என்று. பிள்ளை வேலைக்குப் போகிறாள் என்று எத்தனை தரம் சொல்லியும் கேட்கிறார் இல்லையாம். ஹோல் நாள் முழுக்க வெறுமையாகக் கிடக்கிறது.

ஜெனிற்றா அதே படிப்புக்கும் அதே பூர்ஸுக்கும் திரும்ப விண்ணப்பித்தாள். தகப்பனின் வருமானத்தில் கோடை வரையிலான ஏஜென்சித் தொகையும் இருக்கும் என்று அவளாகவே சொன்னாள். அந்தத் துண்டைத் தொடமாட்டேன் என்று சொன்னேன்தானே, அந்த வருடம் அவர்களுக்கு நான் வரி போடவில்லை, வக்கீல் காட்டிய இடத்தில் போட்டார்கள். ஃபோம் நிரப்பும்போது பக்கத்தில் இருக்கத்தான் என்னைக் கேட்டாள், இருந்தேன். கடைசிப் பக்கத்தில் ஒரு கேள்வி இருந்தது: முன்னர் எப்போதாவது பொய்த் தகவலுக்காக உங்களுக்கு உதவி நிறுத்தப்பட்டிருக்கிறதா? ஓம் என்று போட்டாள். போட்டதும் கீழே ஒரு பெட்டி திறந்தது. காரணம் எழுத வேண்டும்.

“என்னத்தை எழுத, அன்ரி?”

இருபத்தாறு வருடத்தில் எத்தனையோ பெட்டிக்கு என்ன எழுதுவது என்று சொல்லிக்கொடுத்தவள் நான். இந்தப் பெட்டியை மட்டும் திரும்பத் திரும்ப வாசித்தேன். அவள் யன்னலால் கீழே எட்டிப் பார்த்தாள். கடை வாசலில் அலோசியஸ் நின்றார். மாடிக்கு வரமாட்டேன் என்று மெற்றில்டாவிடம் சொல்லியிருந்தாராம். தொப்பியிலும் தோளிலும் பனி விழுந்துகொண்டிருந்தது.

“கெதியா முடிப்பம்” என்றாள். “மாமா குளிருக்குள்ள நிக்கிறார்.”

போன வருடக் கடிதத்தில் இருந்த வசனங்களையே எடுத்து அந்தப் பெட்டிக்குள் போட்டு அனுப்பினாள்.

இப்போது மேசையில் இருக்கிற பிள்ளைகளுக்கு நான் சொல்ல வந்தது இதுதான். வரி போடமுன்னம் உதவிக்கு எழுதப்போகிற ஒரு பிள்ளை உங்களுக்கு ஃபோன் எடுத்தால், துண்டு எடு, தொகை எழுது என்று சொல்லிவிட்டு ஃபோனை வைக்காதீர்கள். தாய் தகப்பனையும் வரச் சொல்லுங்கள். பிள்ளை வீட்டில் கண்டதை வைத்து எழுதும். மற்றவர்கள் பேப்பரில் கண்டதை வைத்து அந்தப் பிள்ளையை அளப்பார்கள். இரண்டும் ஒன்றுதானா என்று தாய் தகப்பனைப் பிள்ளைக்கு முன்னால் சொல்லவையுங்கள். அவர்கள் உங்களைக் கோபித்துக்கொள்வார்கள், அடுத்த வருடம் வேறு கந்தோருக்குப் போவார்கள். போகட்டும்.

ஜெனிற்றாவின் அந்த இரண்டாவது பூர்ஸ் விண்ணப்பத்துக்கு இல்லை என்றுதான் பதில் வந்தது. மெற்றில்டா ஃபோன் எடுத்துச் சொன்னா. அலோசியஸுக்கு இன்னும் தெரியாதாம், கிடைத்துவிட்டது, செப்டெம்பரில் படிப்புத் தொடங்கும் என்று சொல்லிவைத்திருக்கிறார்களாம். ஏன் அப்படிச் சொன்னீர்கள் என்று கேட்டேன். ஜெனிற்றாதான் மாமாவுக்குச் சொல்ல வேண்டாம் என்றாளாம். அவர் இப்போதும் காலையில் ரீ குடித்ததும் வெளிக்கிட்டுப் போகிறாராம்.